குணசீலத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு

நாமக்கல்லில் இருந்து திருச்சி செல்லும் பேருந்து, தொட்டியத்தையும் முசிறியையும் கடந்த பின் காவிரியை வலப்புறம் கொண்டு ஓடுகிறது. அச்சாலையில் குணசீலம் நிறுத்தத்தில் இறங்குவோரில் சிலர் மற்றப் பயணிகளைப் போலத் தேங்காய்ப் பழப் பையோடு மட்டும் இறங்குவதில்லை. பாய், தலையணை, ஸ்டவ், ஒரு மாதத்திற்கான துணிமணிகள் எல்லாம் உடன் வரும். நடுவயதைத் தாண்டிய தாயும் தந்தையும் இருபுறமும் நிற்க, நடுவில் இருபது, இருபத்தைந்து வயதில் ஒரு பிள்ளை தரையைப் பார்த்தபடி நிற்பான். சில வேளை அது மகளாக இருக்கும். ராசிபுரம், சங்ககிரி, ஆத்தூர், பரமத்தி என்று சேலம், நாமக்கல் சமவெளியின் எத்தனையோ ஊர்களில் இருந்து இவ்விதம் வந்து இறங்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக உண்டு.

காவிரியின் வடகரையில், பிரசன்ன வேங்கடாசலபதி என்னும் திருநாமத்தோடு, கையில் செங்கோல் தாங்கி அருள்பாலிக்கிறார் இத்தலத்துப் பெருமாள். தாயாருக்குத் தனிச் சந்நிதி இல்லை, திருமார்பிலேயே உறைகிறாள். குணசீலர் என்னும் முனிவரின் தவத்திற்கு இரங்கிப் பெருமாள் இங்கே எழுந்தருளியதாகவும், பின்னர் புற்றால் மூடப்பட்டு மறைந்திருந்த திருமேனி, பசுக்களின் பால் மாயமாவதைக் கண்ட மன்னன் ஒருவனால் வெளிப்பட்டதாகவும் தலபுராணம் கூறும். மனம் கலங்கியவர்கள் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் இங்கே தங்கி, ஆற்றில் நீராடி, உச்சிகால பூஜையிலும் அர்த்தஜாம பூஜையிலும் கலந்துகொண்டு, முகத்தில் தெளிக்கப்படும் தீர்த்தத்தைப் பெற்றுச் செல்வது நெடுங்கால வழக்கம்.

இவ்வளவும் பெரும்பாலான அன்பர்கள் அறிந்ததே. அறியாத செய்தி ஒன்றும் உண்டு. இக்கோயிலைச் சார்ந்து, அரசின் உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் ஒன்று இயங்கி வருகிறது. அங்கே தங்கியிருப்போரை மனநல மருத்துவர் பார்க்கிறார். மாத்திரை எழுதித் தருகிறார். காலையில் தீர்த்தம், இரவில் மாத்திரை. பெருமாளின் சந்நிதியே இவ்விரண்டிற்கும் இடம் தந்திருக்கையில், வீடு திரும்பிய மறுவாரமே மாத்திரை அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லுவது எந்த சாஸ்திரத்தில் உள்ளது என்று தெரியவில்லை.

கோயிலில் தங்குவதால் பலன் உண்டா என்ற கேள்வியை மருத்துவ உலகம் எள்ளி நகையாடி ஒதுக்கிவிட்டதாக ஒரு கருத்து உலவுகிறது. அது சரியன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலுக்குச் சென்று, அங்கு வந்து தங்கிய 31 பேரை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயால் துன்புற்றவர்கள். வந்த நாளில் ஒரு முறையும் புறப்படும் நாளில் ஒரு முறையும் நோயின் கடுமையை அளந்து பார்த்தனர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது.

அக்கோயிலில் பேயோட்டுதல் இல்லை; சாட்டையடி இல்லை. காலையில் சிறிது நேரப் பிரார்த்தனை. பிறகு வளாகத்தைக் கூட்டுவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு பணிகள். இரவும் பகலும் உடன் இருக்க வீட்டார் ஒருவர். யாரும் ஏளனம் செய்யாத, விரட்டாத இடம். தெய்வ சந்நிதியோடு இவையும் சேர்ந்துதான் அந்த நற்பலனைத் தந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஆனால் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 31 பேரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. கோயிலை விட்டுச் சென்ற பின் அவர்கள் நிலை என்னவாயிற்று என்பது அந்த அளவீட்டில் அடங்கவில்லை. கோயிலில் தங்கினால் மருந்து வேண்டாம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் இதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 20 சதவீதம் குறைந்தது என்றால் எஞ்சியது எவ்வளவு என்பது கணக்குத் தெரிந்தவர்க்கு விளங்கும்.

வழிபாட்டுத் தலத்தின் பெயரால் நடந்த கொடுமையையும் மறப்பதற்கில்லை. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைக் கொண்டு தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப வழியில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. அந்தச் சங்கிலிகளைப் பூட்டக் கொடுத்தவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும். வேறு வழி தெரியாமல், பிள்ளை ஓடிப்போய் லாரியில் அடிபட்டுவிடுவானோ என்று அஞ்சிச் செய்தவர்கள். இன்று அந்த அச்சத்திற்குச் சட்டமும் மருத்துவமும் வேறு வழி காட்டுகின்றன. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

மனச்சிதைவு என்பது பெரும்பாலும் இளமையின் தொடக்கத்தில் தலைகாட்டும். காதில் யாரோ பேசுவது போல் குரல் கேட்கும். அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் பாறை போல் உறுதிப்படும். குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது. படிப்பில் முதலாக வந்த பிள்ளை புத்தகத்தைத் தொடமாட்டான். வீட்டார் முதலில் இதனைத் திமிர் என்பர். பிறகு செய்வினை என்பர். மூளையில் டோபமின் முதலிய வேதிப்பொருள்களின் இயக்கம் மாறுபடுவதே இந்நோயின் முக்கியக் கூறு என்பதை மருத்துவம் கண்டறிந்துள்ளது. வளர்த்த விதத்தால் வந்தது, தாயின் பாவத்தால் வந்தது என்ற பேச்செல்லாம் வீண். ஒரு தாய் இருபது ஆண்டுகள் தன்னையே குற்றவாளியாக எண்ணி உருகுவதற்கு, உறவினர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல் போதுமானதாகி விடுகிறது.

இந்நோய்க்கான முதல் நவீன மருந்து 1952இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கும் முன்பே, நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்திருந்த சர்ப்பகந்தி வேரை, மனக்கலக்கத்திற்கும் இரத்தக் கொதிப்பிற்கும் பயன்படுத்தலாம் என்று 1931இல் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்க மருத்துவர்கள் எழுதினர். அவ்வேரில் இருந்து பிரித்தெடுத்த ரிசர்ப்பின் மேலை நாட்டு மனநல மருத்துவமனைகளிலும் சில காலம் வழங்கப்பட்டது. பக்கவிளைவுகள் மிகுதி என்பதால் பின்னர் வந்த மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. "இங்கிலீஷ் மருந்து நம் உடம்புக்கு ஆகாது" என்போர்க்கு, இத்துறையின் முதற்படிகளில் ஒன்றே நம் காட்டு வேர்தான் என்பது சற்றே ஆறுதல் தரலாம்.

மருந்துகளுக்குக் குறையும் உண்டு. சிலருக்குக் கை நடுங்கும், உடல் விறைக்கும், எடை ஏறும், சர்க்கரை கூடும், காலையில் எழ முடியாத தூக்கம் அழுத்தும். இவற்றை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், துணை மருந்து தருவார். சொல்லாமல் நிறுத்துவதே ஆபத்து. நிறுத்திய அன்றே ஒன்றும் ஆவதில்லை. அதுதான் ஏமாற்றும் இடம். சில வாரங்களோ சில மாதங்களோ பிள்ளை நன்றாகவே இருப்பான். "பார்த்தீர்களா, மாத்திரையே தேவையில்லை" என்று சித்தப்பா சொல்லுவார். பிறகு ஓர் இரவு எல்லாம் திரும்பி வரும், முன்னிலும் கடுமையாக. முதல் முறை நோய் கண்டவர்க்கே குணமான பிறகும் ஓரிரு ஆண்டுகளாவது மருந்து தொடர வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. நாள்தோறும் மாத்திரை கொடுப்பது போராட்டமாக இருக்கும் வீடுகளுக்கு, மாதம் ஒரு முறை போடும் ஊசிகள் உள்ளன.

ஆன்மிகக் குடும்பங்களில் மருந்து நிற்கும் காலங்களைக் கவனித்தால் ஒரு முறைமை தெரியும். கார்த்திகையில் மாலை போட்டவுடன் மாத்திரை நிற்கும். விரதத்தில் மருந்து உண்ணலாகாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நோயாளிக்கு மருந்து விரத பங்கம் என்று எந்தக் குருசாமியும் விவரம் அறிந்து சொல்லமாட்டார். சில கேப்ஸ்யூல்களின் மேலுறை விலங்குப் பொருளால் ஆனது என்ற உறுத்தல் இருந்தால், அதே மருந்து மாத்திரையாகக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலும் வழி இருக்கும்.

இருமுனை மனநோய் உள்ளவர்கள் வீட்டில் இன்னும் இரண்டு செய்திகளைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். சில மாதம் அளவு கடந்த உற்சாகம், சில மாதம் எழுந்திருக்கவே முடியாத சோர்வு என்று மாறி மாறி வாட்டும் நோய் இது. இந்நோயாளிக்குத் தூக்கம் கெடுவது பெரும் கேடு. ஓர் இரவு முழுதும் விழித்தால், உற்சாகப் பித்து அந்த விழிப்பில் இருந்தே கிளம்பிவிடக்கூடும். எனவே வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பும் சிவராத்திரி நான்கு காலமும் இவர்களுக்கு விதிக்கப்பட்டவை அல்ல என்று வீட்டுப் பெரியவர்களே முன்வந்து சொல்ல வேண்டும். விசைத்தறியில் இரவு ஷிப்டுக்கும் இது பொருந்தும். திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கத்துக் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

மற்றது உப்பு. இந்நோய்க்கு லித்தியம் என்னும் மருந்து தரப்படுவதுண்டு. இதன் அளவு இரத்தத்தில் சிறிது கூடினாலும் உடல் நஞ்சேறியது போலாகும். அதனால்தான் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். உணவில் உப்பை நிறுத்தினாலும், உடலில் நீர் வற்றினாலும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் தேக்கிவிடும். உப்பில்லா விரதமும், தண்ணீர் கூட அருந்தாத உபவாசமும், சேலத்துச் சித்திரை வெயிலில் பாதயாத்திரையும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. கை நடுக்கம் மிகுதல், நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு இவற்றைக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நேர்ந்துகொண்டது வீண்போகுமே என்று வருந்துவோர், அந்த விரதத்தை நோயாளிக்காக வீட்டில் வேறொருவர் ஏற்கலாம். அதற்குத் தடையேதும் இல்லை.

லாரித் தொழிலை நம்பியிருக்கும் நாமக்கல் வட்டாரத்திற்கு ஒரு சொல். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை உண்பவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கலாமா என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிழைப்புப் போய்விடுமே என்று மறைத்து மாத்திரையை நிறுத்துபவரும் உண்டு. உண்டுவிட்டு ஓட்டுபவரும் உண்டு. இரண்டும் பிறர் உயிரோடு விளையாடுவதாகும். பட்டறையிலோ லாரி ஆபீசிலோ பகல் வேலை ஒன்று தேடித்தர உறவினர் முனைந்தால், அது ஆயிரம் அர்ச்சனைக்குச் சமம்.

கல்யாணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் தாத்தாவோ பாட்டியோதான் முதலில் சொல்கிறார்கள். திருமணம் மருந்தன்று. நோய் தணிந்து, மருந்தைத் தானே ஒழுங்காக உண்டு, ஏதேனும் ஒரு வேலையில் நிலைத்திருப்பவர் மணம் புரிந்து நன்றாக வாழ்வது உண்டு. அவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மறைத்துச் செய்யும் திருமணமே கொடுமை. புது மருமகள் வந்த மூன்றாம் நாள் மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். அதனாலேயே நோய் மீள்கிறது. பழி அவள் ராசியின் மேல் விழுகிறது. இந்து திருமணச் சட்டத்தின்படி இத்தகைய திருமணங்கள் நீதிமன்றம் வரை போய் ரத்தாகவும் இடமுண்டு. ஜாதகத்தில் செவ்வாய் தோஷத்தை மறைக்க அஞ்சுகிறவர்கள் இதை மறைக்க அஞ்சுவதில்லை.

வீட்டில் பேசும் முறைக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவரும் அவரைத் தொடர்ந்தவர்களும் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. ஓயாமல் குறை கூறும் வீட்டிலும், வெறுப்பைக் கொட்டும் வீட்டிலும், நேர்மாறாக முப்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டும் அளவுக்குப் பொத்திப் பொத்திக் காக்கும் வீட்டிலும் நோய் அடிக்கடி மீண்டு வந்தது. "தண்டச்சோறு" என்ற சொல் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாக வாயில் வருகிறது! காதில் குரல் கேட்பதாகப் பிள்ளை சொல்லும்போது, "அதெல்லாம் பொய்" என்று வாதிட்டுப் பயனில்லை. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்போவதும் தவறு. "உனக்குக் கேட்கிறது, அது உன்னைப் பயமுறுத்துகிறது என்று தெரிகிறது, எனக்குக் கேட்கவில்லை" என்று அமைதியாகச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போதும்.

முதியவர்களின் சொந்த மனநலமும் இதில் சேர்ந்ததே. துணையை இழந்த பின் மாதக்கணக்கில் உணவில் விருப்பமின்றி, விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, கோயிலுக்குப் போகவும் மனமின்றி, "பெருமாள் எப்போது அழைத்துக்கொள்வாரோ" என்று நாள்தோறும் சொல்லும் பெரியவரை வைராக்கியம் வந்தவராக எண்ணி விட்டுவிடுகிறார்கள். பல வேளைகளில் அது மனச்சோர்வு நோய். மருந்து தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்லத் தெளிவு பிறக்கும்; வயது இதற்குத் தடையன்று. உயிரை விடும் பேச்சு வந்தால் ஒத்திப்போடலாகாது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மின்னதிர்ச்சி சிகிச்சை என்றதும் திரைப்படக் காட்சிகளை எண்ணி நடுங்க வேண்டியதில்லை; மயக்க மருந்து இல்லாமல் அதைத் தருவதை மேற்சொன்ன சட்டமே தடை செய்துள்ளது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக, குணசீலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அந்தத் தாய் தந்தையரின் நெஞ்சில் இரவெல்லாம் அரிக்கும் கேள்வி வேறு: "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?" அர்த்தஜாம மணி ஓய்ந்த பிறகும் அது ஓயாது. முழு விடை எவரிடமும் இல்லை. செய்யக்கூடியவை சில உண்டு. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நோயாளி தெளிவாக இருக்கும் காலத்தில், தமக்காகச் சிகிச்சை விஷயங்களில் துணை நிற்க நம்பிக்கையான ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. அந்த ஒருவர் பெற்றோரை விட இளையவராக இருப்பது நல்லது. அக்காள் கணவராகவோ, பெரியப்பா மகனாகவோ இருக்கலாம்.

மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவரின் பிள்ளை மனநோயால் தானே சம்பாதிக்க இயலாத நிலையில் இருந்தால், பெற்றோர் இருவருக்கும் பின் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி உண்டு. ஓய்வூதியர் உயிருடன் இருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்க விண்ணப்பிக்கலாம். பெற்றோர் காலமான பின் சித்தியோ மாமாவோ சான்றிதழ்களைத் தேடிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைவதைவிட இது எவ்வளவோ எளிது. பிற துறைகளில் ஓய்வு பெற்றோர் தத்தம் விதிகளைக் கேட்டறிய வேண்டும்.

ஒரு கோப்பு போதும். அதில் நோய் தொடங்கிய ஆண்டு, பார்த்த மருத்துவர்கள், ஒத்துவந்த மருந்து, ஒத்துவராத மருந்து, ஊசி போடும் தேதி, மாற்றுத்திறனாளி அட்டை, ஆதார் நகல், நியமனத்தாள், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், பிள்ளைக்குப் பிடித்த உணவு, பயப்படும் பொருள், அழும்போது எதைச் சொன்னால் அமைதியாவான் என்பது எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பூஜையறை அலமாரியில், குணசீலத்துக் குங்குமப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்கலாம்.